கடைவீதிக்கு ஓட்டு இல்லைங்க

நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் எங்கள் கடைக்கு மூன்று படிகள் இருந்தன. கருங்கல் படிகள். மேல்படியில் உட்கார்ந்து கீழ்ப்படியில் கால் வைத்துக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதுவேன். ரோடு போடப் போட ஒவ்வொரு படியாகத் தாருக்குள் போய்விட்டது. பழைய ரோட்டைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் மேலே புதிதாகப் போட வேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலாளரே உத்தரவு போட்டார், ஆனால் அதற்குள் எங்கள் மூன்றாவது படியும் போயிருந்தது. இப்போது கடைக்குள் போக அரை அடி இறங்க வேண்டும். ஐப்பசி மழைக்கு அப்பா சாக்கில் மணலை நிரப்பி வாசலில் அடுக்குவார். சாக்கு நாங்களே விற்கிற சரக்கு என்பதால் அந்தச் செலவு மட்டும் மிச்சம்.

எங்களுடையது கயிற்றுக்கடை. அப்பாரு, அதாவது தாத்தா, ஆரம்பித்தது. மூக்கணாங்கயிறு, தும்பு, தாம்புக்கயிறு, சாட்டை, சலங்கை, சாக்கு ஊசி, சணல், தார்ப்பாய். அந்தியூர் குருநாதசாமி கோயில் தேர்நோம்பிக்கும் கண்ணபுரம் மாட்டுச்சந்தைக்கும் முந்தின வாரம் நிற்க இடம் இருக்காது. கடை நகராட்சிக்குச் சொந்தமானது, பழைய பஸ் ஸ்டாண்டை ஒட்டின வரிசை. ஊர்ப் பெயரை விட்டுவிடுகிறேன், வாடகை பாக்கிக்காரர்களும் இதைப் படிப்பார்கள். 2011 கணக்கெடுப்பில் பொள்ளாச்சி 90,000, மேட்டுப்பாளையம் 69,000, கோபி 59,000, தாராபுரம் 56,000. அந்த மாதிரி ஒரு ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிய ஊரும் கிடையாது, பட்டிக்காடும் கிடையாது. அந்தக் கணக்கெடுப்புக்கு அப்புறம் இன்னொன்று வரவில்லை, அடுத்தது 2027 என்கிறார்கள். எங்கள் ஊரில் இப்போது எத்தனை பேர் என்று நகராட்சிக்கே தெரியாது, ஆனால் மேலிருந்து வருகிற பணத்தைப் பங்கு பிரிக்கும்போது இன்னும் அந்தப் பழைய தலைக்கணக்குத்தான் நிற்கிறது.

மூன்றரை வருடத்துக்கு முன்பு பஸ் ஸ்டாண்டை பைபாசுக்குக் கொண்டுபோனார்கள். கடைவீதியிலிருந்து மூன்று கிலோமீட்டர். நெரிசல் குறையும் என்றார்கள், குறைந்தது உண்மைதான். கடைவீதியில் இப்போது மத்தியானம் இரண்டு மணிக்கு நாய் நடுரோட்டில் படுத்துத் தூங்குகிறது.

கடைவீதி என்றால் கடைகளும் வீதியும் என்று திட்டம் போடுகிறவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். எனக்குத் தெரிந்த கடைவீதிக்கு ஒரு நேரக்கணக்கு உண்டு. விடிகாலையில் பூவும் கீரையும். எட்டரைக்கு டைப் ரைட்டிங்குக்கும் டியூஷனுக்கும் போகிற பிள்ளைகள். பத்தரைக்கு முதல் செட் கிராமத்து பஸ். வியாழக்கிழமை சந்தை என்றால் அந்த பஸ்ஸில் இறங்குகிறவர் எண்ணெய்க்கடையில் காலி டின்னைக் கொடுத்துவிட்டு, மளிகைக்கடையில் சீட்டைக் கொடுத்துவிட்டு, எங்கள் கடையில் பையை வைத்துவிட்டு, "போகையில எடுத்துக்கறனுங்க" என்று சொல்லிவிட்டு சந்தைக்குள் போவார். டாக்டர், பேங்க், தாலுகா ஆபீஸ், நகைக்கடை வட்டி எல்லாம் முடித்துத் திரும்பி வரும்போது எண்ணெய் நிரம்பியிருக்கும், மளிகை கட்டியிருக்கும், நாலு மணி பஸ் கிளம்பத் தயாராக நிற்கும். எங்கள் கடை மூலையில் சந்தை நாளில் முப்பது நாற்பது பைகள் கிடக்கும். யார் பை எது என்று அப்பாவுக்குத் தெரியும். ஒரு பைசா வருமானம் கிடையாது அதில். ஆனால் பையை எடுக்க வருகிறவர் வெறுங்கையோடு போவதில்லை, ஒரு சணல் சுருளாவது வாங்குவார்.

பஸ் இறங்குகிற இடம் மாறியதும் இந்த மொத்தக் கணக்கும் குலைந்துவிட்டது. "வெயிலு மண்டையப் பொளக்குதுங்க, ஷேர் ஆட்டோக்கு இருபது ரூவா குடுத்து உங்க கடைக்கு வந்து அம்பது ரூவாய்க்குக் கயிறு வாங்கறதுக்கு நான் என்ன பைத்தியமா?" என்று ஒரு பெரியவர் அப்பாவிடம் சண்டைக்கே வந்துவிட்டார், என்னவோ நாங்கள்தான் பஸ்ஸை நகர்த்திய மாதிரி.

இது எங்கள் ஊர்க் கதை மட்டுமில்லை. நாமக்கல்லில் 2024 கடைசியில் பஸ் ஸ்டாண்ட் முதலைப்பட்டிக்குப் போனது. கரூரில் திருமாநிலையூரிலும் ஈரோட்டில் சோலாரிலும் புதிதாகக் கட்டினார்கள். கோயம்புத்தூரில் வெள்ளலூருக்குக் கொண்டுபோகிறோம் என்று 2020இல் ஆரம்பித்துப் பாதிக் கட்டடத்தில் நிறுத்திவிட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் நியாயமான காரணம் இருக்கிறது, நான் இல்லையென்று சொல்லவில்லை. 1970களில் நாளைக்கு நூறு பஸ்ஸுக்குக் கட்டின இடத்தில் ஐநூறு பஸ் எப்படித் திரும்பும்? ஆனால் பஸ்ஸை நகர்த்துகிற திட்டத்தில், பஸ் போன அப்புறம் பழைய இடத்தில் என்ன நடக்கும் என்று ஒரு பக்கமாவது எழுதியிருப்பார்களா என்று கேட்டால், எங்கள் ஊர் அறிக்கையை நான் வாங்கிப் படித்தேன், "பழைய இடம் வணிக வளாகமாக மேம்படுத்தப்படும்" என்று ஒரு வரி இருந்தது. அவ்வளவுதான். அந்த வரிக்கு அடுத்து பார்க்கிங் கணக்கு.

சேலத்தில் வேறு மாதிரி செய்தார்கள். பழைய பஸ் ஸ்டாண்டை இருந்த இடத்திலேயே ஈரடுக்காகக் கட்டி 2023இல் திறந்தார்கள். திருப்பூரிலும் பழையது பழைய இடத்திலேயே புதிதாக நிற்கிறது. அழகு, வசதி பற்றி ஆயிரம் குறை சொல்லலாம். ஆனாலும் இறங்குகிறவர் கடைவீதிக்குள்தான் இறங்குகிறார்.

ஈரோட்டுக் கனி மார்க்கெட்டைப் பற்றிச் சொல்லாமல் இதை எழுத முடியாது. பன்னீர்செல்வம் பார்க் பக்கத்தில், திங்கள் ராத்திரி ஆரம்பித்து செவ்வாய் வரைக்கும் நடக்கிற ஜவுளிச்சந்தை. கேரளா, கர்நாடகா, ஆந்திராவிலிருந்து வாங்க வருவார்கள். ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் ஈரோடு 2018 ஜனவரியில் தேர்வானது, கோவை 2016இலேயே ஆகிவிட்டது, சேலமும் அதே வருடம், திருப்பூர் 2017. ஊருக்கு மத்திய அரசு 500 கோடி, அதற்குச் சமமாக மாநில அரசும் உள்ளாட்சியும் சேர்ந்து போட வேண்டும். அந்தப் பணத்தில் கனி மார்க்கெட்டில் அடுக்குமாடி ஜவுளி வளாகம் எழும்பியது. வைப்புத்தொகையும் வாடகையும் கட்டுபடியாகாது என்று சின்ன வியாபாரிகள் ஒதுங்கிக்கொள்ள, நிறையக் கடைகள் ரொம்ப நாள் பூட்டியே கிடந்தன. எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. வாரத்தில் ஒரு ராத்திரி, ஒரு கட்டில் அகல மேடை, வண்டியிலிருந்து இறக்கினால் கைக்கெட்டுகிற உயரம். நைட்டியும் துண்டும் லுங்கியும் விற்கிறவருக்கு வேண்டியது அது. அவருக்கு இரண்டாவது மாடியில் ஷட்டர் போட்ட அறையை மாதம் முப்பது நாளைக்கும் வாடகைக்குக் கொடுத்தால் மீதி இருபத்தாறு நாளைக்கு அங்கே அவர் என்ன செய்வார், தூங்குவாரா?

நல்ல எண்ணத்தோடுதான் கட்டினார்கள் என்றே வைத்துக்கொள்வோம். கட்டடம் கட்டுவதற்கு டெண்டர் விடலாம், ஒப்பந்தக்காரர் இருக்கிறார், திறப்பு விழா வைக்கலாம், கல்வெட்டு வைக்கலாம். ஒரு வீதியின் நேரக்கணக்கைக் காப்பாற்றுவதற்கு டெண்டர் கிடையாது.

சரி, நகராட்சியில் போய்க் கேட்கலாமே என்பீர்கள். போனோம். போன வருடம் கடைக்கு நேர் எதிரே ஒரு குழி. ரோடு நெடுஞ்சாலைத் துறையுடையது, ஏனென்றால் எங்கள் கடைவீதி ஒரு மாநில நெடுஞ்சாலையின் துண்டு. குழாய் குடிநீர் வடிகால் வாரியம் போட்டது. ஓரத்தில் இருக்கிற சாக்கடை நகராட்சி. சாக்கடை மேல் சாய்ந்து நிற்கிற கம்பம் மின்வாரியம், அதில் தொங்குகிற விளக்கு மட்டும் நகராட்சி. குழியைச் சுற்றி வைத்த தடுப்பு போலீசுடையது. ஒருவழிப்பாதை ஆக்கினதும் போலீஸ். பஸ் எந்த வழியாகப் போக வேண்டும் என்பது போக்குவரத்துத் துறை. "ஏனுங்க சார், குழி யாருதுங்க?" என்று எங்கள் பக்கத்துப் பாத்திரக்கடை அண்ணன் கேட்டார். பொறியாளர் சிரித்துவிட்டார், பாவம். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. இரண்டு பொறியாளர் பணியிடம் காலியாக இருக்கிற ஆபீசில் மூன்று பேர் வேலையை ஒரே ஆள் பார்க்கிறார். குழியை மூட 47 நாள் ஆனது, நான் காலண்டரில் கோடு போட்டு வைத்திருந்தேன்.

சட்டப்படி இப்படி இருக்கக் கூடாது. 74வது அரசியலமைப்புத் திருத்தம் 1993 ஜூன் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதோடு சேர்ந்த 12வது அட்டவணையில் நகராட்சிகளுக்கு ஒப்படைக்கத்தக்க 18 இனங்கள். முதலாவது நகரத் திட்டமிடல், கடைசி இறைச்சிக்கூடம். கிட்டத்தட்ட அந்தக் கடைசி இனம்தான் எங்கள் நகராட்சியின் கைக்கு முழுசாக வந்து சேர்ந்தது. திட்டமிடுவது நகர் ஊரமைப்புத் துறை, பெரிய தொகைக்கு அனுமதி சென்னையிலிருந்து, ஆணையரை நியமிப்பதும் மாற்றுவதும் சென்னை. ஸ்மார்ட் சிட்டி ஊர்களில் அதற்கும் மேல் தனிக் கம்பெனியே ஆரம்பித்து அது வழியாகத்தான் செலவு செய்தார்கள். மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் பத்து சதவீதம் உள்ளாட்சிகளுக்கு வருகிறது, அதில் கிராமப்புறத்துக்குப் போக மீதிதான் நகர்ப்புறத்துக்கு. அதையும் மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி என்று பிரித்து, மின்கட்டணம், குடிநீர்க் கட்டணம், சம்பளம், ஓய்வூதியம் போக எங்கள் ஊருக்கு மிஞ்சுவதை வைத்து ஒரு வீதியைத் தூக்கி நிறுத்த முடியாது.

ஒரு காலத்தில் நகராட்சி என்றால் பெரிய ஆட்கள் ஆரம்பிக்கிற இடம். ஈரோட்டில் பெரியார் நகராட்சித் தலைவராக இருந்தார், குடிநீர்த் திட்டம் கொண்டுவந்தார், 1919இல் பதவியை விட்டுவிட்டு காங்கிரசுக்குப் போனார். சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சர் ஆர்.கே. சண்முகம் செட்டியார் கோயம்புத்தூர் நகராட்சியில் துணைத் தலைவராக இருந்தவர். ஆர்.எஸ்.புரத்துக்குப் பெயர் கொடுத்த ரத்தினசபாபதி முதலியார் அதே நகராட்சியின் தலைவர். ஆனால் 2016 அக்டோபரில் கவுன்சிலர்களின் பதவிக்காலம் முடிந்து 2022 பிப்ரவரி 19 வரைக்கும் நகர்ப்புறத் தேர்தலே நடக்கவில்லை. ஐந்து வருடத்துக்கு மேல் தனி அலுவலர் கையெழுத்துத்தான். எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டை எங்கே கட்டுவது என்று முடிவானது அந்த ஐந்து வருடத்துக்குள்தான். கேள்வி கேட்கக் கவுன்சிலரே இல்லாத நேரம்.

அப்புறம் தேர்தல் வந்தது, கவுன்சிலர் வந்தார். 2022 நவம்பர் 1ஆம் தேதி உள்ளாட்சி தினத்துக்குப் பகுதி சபைக் கூட்டம் என்று முதல்முறையாகக் கூட்டினார்கள். எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். பள்ளிக்கூட ஹாலில் நாற்காலி போட்டு, டீ கொடுத்து, ஐம்பது அறுபது பேர். நாய்த்தொல்லை, குப்பை வண்டி வராதது, மூன்றாவது சந்தில் விளக்கு எரியாதது, கொசு மருந்து. எல்லாம் நியாயமானவை. நான் எழுந்து பழைய பஸ் ஸ்டாண்டு இடத்தைப் பற்றிக் கேட்டேன். கவுன்சிலரம்மா மரியாதையாகக் கேட்டுக்கொண்டார், பிறகு, "தம்பி நீங்க எந்த வீதியிலங்க குடியிருக்கறீங்க?" என்றார். சொன்னேன். "அது 17வது வார்டுங்களே."

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அப்பாரு காலத்தில் கடைவீதியில் கடைக்கு மேலே, இல்லையென்றால் கடைக்குப் பின்னால்தான் வீடு. ராத்திரி எட்டு மணிக்குக் கடை சாத்தின பிறகும் வீதியில் ஆள் நடமாட்டம் இருக்கும், திண்ணையில் பேச்சு இருக்கும், சாக்கடை அடைத்தால் சோறு இறங்காது, உடனே போய்ச் சண்டை போடுவார்கள். 1990களில் இருந்து ஒவ்வொருத்தராக ஊருக்கு வெளியே ஏதோ ஒரு நகருக்கு வீடு கட்டிக்கொண்டு போனோம். கார் நிறுத்த இடம், போர் தண்ணீர், பிள்ளைகளுக்கு மெட்ரிக் பள்ளிக்கூட வேன். மேல்மாடிகளில் இப்போது அட்டைப்பெட்டியும் புறாவும். எங்கள் வரிசையில் இருக்கிற கடைக்காரர்களில் அந்த வார்டில் ஓட்டு இருப்பவர் இரண்டே பேர், அதில் ஒருவருக்கு 84 வயது. பொருள் வாங்க வருகிற கிராமத்து ஆட்களுக்கோ ஊராட்சியில் ஓட்டு. நாள் முழுக்கப் பல ஆயிரம் பேர் புழங்குகிற வீதி, அதற்காகப் பேசினால் ஒரு ஓட்டுக்கூடக் கூடாது, பேசாவிட்டால் ஒன்றும் குறையாது. அந்தக் கவுன்சிலரம்மா இடத்தில் நான் இருந்தாலும் மூன்றாவது சந்து விளக்கைத்தான் முதலில் பார்ப்பேன்.

எங்கள் மேலும் தப்பு இருக்கிறது, அதைச் சொல்லாவிட்டால் இந்தப் பதிவு பொய். சாக்கடை மேல் பலகை போட்டு மூன்றடி முன்னால் இழுத்துச் சரக்கு வைப்பது எங்கள் வரிசையில் எல்லோரும் செய்கிற வேலை, எங்கள் தார்ப்பாய்ச் சுருள்களும் அங்கேதான் நிற்கும். நடக்க இடமில்லை என்று புலம்புகிற வியாபாரிகள் சங்கக் கூட்டத்தில் நாங்களே உட்கார்ந்திருப்போம். தள்ளுவண்டிக்காரர்களைத் துரத்தச் சொல்லி மனுக் கொடுத்ததும் இதே சங்கம். அவர்களுக்கு 2014லேயே சாலையோர வியாபாரிகள் சட்டம் வந்துவிட்டது, நகர விற்பனைக் குழுவில் நாற்பது சதவீத இடம் அவர்களுடையது, யாரும் நினைத்த நேரத்தில் துரத்த முடியாது. துரத்தவும் கூடாது என்பது என் கட்சி. பூக்காரம்மாவும் வெள்ளரிக்காய்க்காரரும் போன பிறகு வீதிக்கு யார் வருவார்கள்?

அதைவிடப் பெரிய தப்பு உள்வாடகை. நகராட்சிக் கடை வாடகை மூன்று வருடத்துக்கு ஒருமுறை 15 சதவீதம் கூடி வந்தது, அவ்வளவுதான். வெளியே சந்தை வாடகை எங்கேயோ போய்விட்டது. அதனால் நகராட்சிக்கு 3,000 கட்டிவிட்டு 14,000க்கு உள்வாடகை விடுகிறவர்கள் எங்கள் வரிசையிலேயே இருந்தார்கள். மறு ஏலம் என்ற பேச்சு வரும்போதெல்லாம் சங்கம் கொடி பிடித்துப் போய் நிற்கும், ஏலம் தள்ளிப்போகும். நகராட்சியிடம் பணம் இல்லை என்று நாங்கள் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும். சொத்து வரியை 2022இல் கடைகளுக்கு நூறு சதவீதம் ஏற்றியபோதும் நான் சங்கத்தோடு கடையடைப்புக்குப் போகவில்லை. அப்பா போனார். அன்றைக்கு ராத்திரி வீட்டில் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை.

எனக்கு என்ன வேண்டும் என்று யாராவது கேட்டால் பெரிய பட்டியல் இல்லை. டவுன் பஸ் எல்லாம் பழைய இடத்திலிருந்தே கிளம்ப வேண்டும். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசில்லை. எந்தக் கட்டடத்தையும்விட அதிகமாகக் கடைவீதிக்கு ஆள் கொண்டுவந்தது அந்த ஒரு உத்தரவுதான், எங்கள் ஊரில் அந்த பஸ்ஸைக் கொண்டுபோய் பைபாசில் நிறுத்தினால் அதன் பயனே பாதியாகிவிடுகிறது. அடுத்தது கழிப்பறை. பழைய பஸ் ஸ்டாண்டை இடித்தபோது இருந்த ஒரே கட்டணக் கழிப்பறையும் போனது. துணி எடுக்க வருகிற பெண்கள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வருகிறார்கள், இரண்டு மணி நேரத்துக்கு மேல் நிற்கமாட்டார்கள், அப்புறம் எப்படி வியாபாரம் நடக்கும்? இதை நான் சங்கத்தில் சொன்னபோது நகைக்கடைக்காரர் ஒருவர், "அதெல்லாம் பேசற விசயமா தம்பி" என்றார். மூன்றாவது, சரக்கு இறக்குவதை ராத்திரி பத்துக்கு மேல் வைப்பது. இதற்குப் பணமே தேவையில்லை, பத்துப் பேர் ஒத்துக்கொண்டால் போதும். பத்துப் பேர் ஒத்துக்கொள்ளவில்லை.

பழைய பஸ் ஸ்டாண்டு இடத்தில் இப்போது தகரத் தடுப்பு. உள்ளே சீமைக் கருவேலம் ஆள் உயரத்துக்கு வளர்ந்திருக்கிறது. வணிக வளாகத்துக்கு இரண்டு முறை டெண்டர் விட்டு இரண்டு முறையும் யாரும் எடுக்கவில்லை, பஸ் நிற்காத இடத்தில் கடை கட்டி யார் முதல் போடுவார்கள்?

போன வியாழக்கிழமை ரொம்ப நாளைக்குப் பிறகு ஒரு அம்மா வந்தார். அப்பாவைப் பார்த்துச் சிரித்துவிட்டு, மூலையில் ஒரு மஞ்சள் பையை வைத்துவிட்டு, "போகையில எடுத்துக்கறனுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். ஏழு மணி வரைக்கும் வரவில்லை. அப்பா கடையைச் சாத்தவிடவில்லை. எட்டு மணிக்கு என் போனுக்கு அவருடைய பேரன் பேசினான், கடை போர்டில் இருந்த நம்பரைப் பார்த்து எழுதிக்கொண்டு போயிருக்கிறார்கள். கடைசி பஸ் பைபாசிலிருந்து நேராகக் கிளம்பிவிட்டதாம், ஊருக்குள் வந்து பையை எடுத்தால் பஸ்ஸைப் பிடிக்க முடியாதாம். "ஆத்தா அடுத்த வியாழக்கிழமை வந்து எடுத்துக்கறேங்குது, வெச்சிருப்பீங்களாங்கண்ணா?"

பைக்குள் ஒரு படி பச்சைக் கடலையும் கொஞ்சம் கறிவேப்பிலையும் இருந்தன. அப்பா கடலையை எடுத்துச் சாக்கின் மேல் உலர்த்தியிருக்கிறார்.